குழுப்பணியில் பேசாத ஐந்தாவது ஆள்

பருவத்தின் மூன்றாவது வாரம். ஐந்து பேர் கொண்ட குழு அமைந்துவிட்டது. டெலிகிராமில் குழுவைத் தொடங்கி, யாரோ ஒருவர் அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்துவிட்டார். “நாளைக்குச் சந்திக்கலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். மூன்று பேர் கட்டைவிரல் படத்தைப் போடுகிறார்கள். ஐந்தாவது ஆள் மட்டும், “எங்கே? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? எதைப் பற்றிப் பேசப்போகிறோம்?” என்று கேட்கிறார்.

மறுநாள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறார். அரட்டை நடக்கும்போது மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறார், அல்லது சிரிப்பதே இல்லை. நீங்கள் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த ஸ்லைடைப் பார்த்து, “இந்த வரைபடத்தில் எண்கள் தவறு” என்கிறார். “நல்லா இருக்கு, ஆனா...” என்ற பூச்சு எதுவும் இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் பபிள் டீ வாங்கப் போகும்போது, “எனக்கு வேண்டாம்” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார். அன்றிரவு இரண்டு மணிக்கு, ஐந்து பேருடைய மேற்கோள்களையும் சரிபார்த்த, ஒரு பிழைகூட இல்லாத அட்டவணை ஒன்று குழுவில் வந்து விழுகிறது.

பருவ இறுதியில் சக மாணவர் மதிப்பீட்டுப் படிவம் வருகிறது. ‘குழுவுடன் இணைந்து செயல்பட்டாரா?’ என்ற கேள்விக்கு நால்வரும் அவருக்கு ஐந்துக்கு இரண்டு போடுகிறார்கள்.

இவர் கற்பனை ஆள்தான். ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பலர், “எங்கள் குழுவிலும் ஒருவர் இருந்தார்” என்று சொல்லக்கூடும். அவர் உண்மையிலேயே தலைக்கனம் பிடித்தவராக இருக்கலாம். கூச்ச சுபாவம் உள்ளவராக இருக்கலாம். பகுதிநேர வேலை முடித்து வந்த களைப்பாக இருக்கலாம். அல்லது மதியிறுக்கம் உள்ளவராக இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நால்வருக்கும் இவை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

இப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழில் பஞ்சமே இல்லை. அழுத்தக்காரன், யாரோடும் ஒட்டாதவள், திமிர் பிடித்தவன், முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறவள், அல்லது சுருக்கமாக ‘ஒரு மாதிரி’. எல்லாமே குணத்தைக் குறிக்கும் சொற்கள். அந்த ஆள் நினைத்தால் மாறிக்கொள்ளலாம், வேண்டுமென்றேதான் இப்படி நடந்துகொள்கிறார் என்ற குற்றச்சாட்டு அவற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. மூளை செய்திகளை வாங்கிக்கொள்ளும் விதமே வேறாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தச் சொற்களில் இடமில்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்த சொல்தான் மதியிறுக்கம். நாளிதழ்களில் நிலைத்துவிட்டதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன். மனத்துக்கு முழுதாக ஒப்பவில்லை. மதி ஏதோ இறுகிப்போய்விட்டது போன்ற தொனி அதில் இருக்கிறது. ‘மதியிறுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதும்போது, புயலால் பாதிக்கப்பட்டவர் போல ஆகிவிடுகிறது. ‘மதியிறுக்கமுள்ளவர்’ என்பது போதும். ஆட்டிசம் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதுவும் பெரிய பாராட்டு அல்ல.

மருத்துவ உலகம் இதைக் கண்டறிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920களின் நடுப்பகுதியில் கீவ் நகரில் பிறந்த குரூனியா சுகரேவா என்ற மனநல மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பெர்கர் எழுதினார். பேச்சுத் திறனும் படிப்பும் நன்றாக உள்ளவர்களைப் பல ஆண்டுகள் அஸ்பெர்கர் பெயரிலேயே தனியாக அழைத்தார்கள். 2013ல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேடு அந்தப் பிரிவுகளை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்தது.

அந்தக் கையேட்டின்படி இரண்டு பகுதிகளில் அடையாளங்கள் இருக்க வேண்டும். ஒன்று, பிறரோடு பேசிப் பழகுவதில் தொடர்ந்து காணப்படும் வேறுபாடுகள். மற்றொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தை ஏற்கச் சிரமப்படுவது, ஒரு துறையில் மிக ஆழமான ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு. இவை சிறு வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கும் இருக்க வேண்டும். கடைசி இரண்டு நிபந்தனைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகக் காணொளிகள் பெரும்பாலும் விட்டுவிடுவது அவற்றைத்தான்.

சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், 300 பேர் அமரும் விரிவுரை அரங்கில் இருவர். 2004ல் தொடங்கப்பட்ட பாத்லைட் போன்ற பள்ளிகளை நாம் அறிவோம். ஆனால் மதியிறுக்கமுள்ளவர்கள் எல்லாரும் அத்தகைய பள்ளிகளிலிருந்து வருபவர்கள் அல்லர். பலர் வழக்கமான தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். சிலருக்குத் தங்களுக்கு மதியிறுக்கம் இருப்பதே தெரியாது.

‘முடிஞ்சா வா’ என்றால் என்ன?

அன்றாடப் பேச்சில் நாம் சொல்லாமல் விடுவது எவ்வளவு என்று யோசித்திருக்கிறீர்களா? “முடிஞ்சா வா” என்று சிலவேளை சொல்கிறோம். அதற்குக் கட்டாயம் வா என்றும் பொருள் உண்டு, வராவிட்டாலும் பரவாயில்லை என்றும் பொருள் உண்டு. எது என்பதைக் குரலும் முகமும் சொல்லிவிடும். “சாப்பிட்டியா?” என்று பெரியம்மா கேட்டால் அது உணவு பற்றிய விசாரணை அல்ல; அன்பு. “அந்த வேலையைக் கொஞ்சம் பாரு” என்றால் வெறுமனே பார்ப்பது அல்ல, செய்து முடிப்பது.

மதியிறுக்கமுள்ள பலருக்கு இந்த இரண்டாவது அடுக்கு தானாக வந்து சேர்வதில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். “இந்தப் பகுதியை யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்” என்று குழுவில் நீங்கள் எழுதினால், அது தம்மிடம் விடுக்கப்பட்ட வேண்டுகோள் என்று அவருக்குத் தோன்றாமல் போகலாம். “நீ இதை வியாழக்கிழமைக்குள் எழுத முடியுமா?” என்றால் புதன்கிழமையே வந்துவிடும். நம் கற்பனை மாணவர் கேட்ட மூன்று கேள்விகளும் இந்த வகைதான். குறுக்கு விசாரணைபோல் தெரிந்தாலும், அவர் கேட்டது தகவல் மட்டுமே.

அடுத்தது பேச்சில் முறை மாறும் இடம். ஒருவர் பேசி முடிக்கப்போகிறார் என்பதை மூச்சு, பார்வை, குரலின் இறக்கம் ஆகியவற்றிலிருந்து நாம் ஊகித்து, அந்த நொடியில் நுழைகிறோம். இந்தக் குறிப்புகள் பிடிபடாதவர் இருவகையாகத் தெரிவார். ஒன்று, இடையிடையே குறுக்கிடுகிறவர். அல்லது, இடைவெளிக்காகக் காத்திருந்து காத்திருந்து கடைசிவரை பேசாதவர். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவர், இருவர் மட்டும் உட்கார்ந்து பேசும்போது சரளமாகப் பேசினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆழ்ந்த ஈடுபாடு பற்றிச் சொன்னதும் எல்லாருக்கும் ரயில்தான் நினைவுக்கு வரும். இங்கே அது பேருந்தாகவும் இருக்கும்: எந்தச் சேவை எண் எந்த ஆண்டில் வழி மாறியது என்பதுவரை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பேருந்து ஆர்வலர்கள் எல்லாரும் மதியிறுக்கமுள்ளவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த ஆர்வம் ஒப்பனைப் பொருள்களிலோ, கொரிய இசைக்குழுவிலோ, தமிழ் இலக்கணத்திலோ இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பதும் உண்மை. வேறுபாடு தலைப்பில் இல்லை; அந்த ஈடுபாடு அவருடைய நாளில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, அதை விட்டு வேறொன்றுக்கு மாறுவது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதில் இருக்கிறது.

புலன்கள் சம்பந்தப்பட்டவை வெளியே தெரிவதே இல்லை. மதிய வேளை உணவங்காடி நிலையத்தை நினைத்துப் பாருங்கள்: தட்டுகள் மோதும் சத்தம், மேலே சுழலும் மின்விசிறி, எண்ணெய்ப் புகை, பக்கத்து மேசைக் காணொளி. நம் மூளை இவற்றில் பெரும்பகுதியைப் பின்னால் தள்ளிவிட்டு, எதிரே இருப்பவர் குரலை மட்டும் முன்னால் கொண்டுவருகிறது. அந்த வடிகட்டல் நடக்காவிட்டால் எல்லாமே ஒரே அளவு சத்தமாகக் கேட்கும். அந்த இடத்தில் குழுக் கூட்டம் வைத்தால் ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பது அவமதிப்பாக இருக்க வேண்டியதில்லை. சந்திக்கும் இடத்தை ஐந்து நிமிடத்துக்கு முன் நூலகத்திலிருந்து கஃபேக்கு மாற்றினால் ஒருவர் நிலைகுலைந்துபோவதும், பேசும்போது பேனாவை இடைவிடாமல் அழுத்துவதும், விரல்களால் மேசையைத் தாளம்போலத் தட்டுவதும் இதே வகைதான். அந்தத் தாளம் பலருக்கு மனத்தை நிலைநிறுத்தும் வழி.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதைக் கவனிப்பது மிகக் கடினம். சிலர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகி, எப்போது சிரிப்பது, எத்தனை வினாடி கண்ணைப் பார்ப்பது, “வாரயிறுதி எப்படிப் போச்சு?” என்று எப்போது கேட்பது என எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். வெளியே கலகலப்பானவர். வீட்டுக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் யாரோடும் பேச முடியாமல் படுத்திருப்பார். ஆங்கிலத்தில் இதை மாஸ்கிங் என்கிறார்கள், அதாவது முகமூடி அணிவது. பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று முன்பு சொல்லப்பட்ட விகிதம், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் மூன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு நெருங்கியதற்கு, பெண்கள் கண்டறியப்படாமல் போவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தொடர்ந்து முகமூடி அணிவது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையது. ஆகவே “உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே” என்பது பாராட்டு அல்ல.

தமிழ் வீட்டில் இன்னும் குழப்பம்

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் முதலில் நிற்பது, ‘கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்’. நம் வீடுகளில் பெரியவர் திட்டும்போது கண்ணைப் பார்த்தால், “என்ன முறைக்கிற?” என்று இன்னொரு திட்டு விழும். தலைகுனிந்து நிற்பது இங்கே மரியாதை. எனவே கண்ணைப் பார்க்காத பிள்ளை தமிழ் வீட்டில் ‘அடக்கமான பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிடும். அதிகம் பேசாத பெண் பிள்ளைக்குக் கூடுதல் பாராட்டு.

வேறு சில இடங்களில் நம் பழக்கம் அதையே பெரிதாக்கிக் காட்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவோரை வாசலுக்குப் போய் “வாங்க மாமா, வாங்க அத்தை” என்று அழைக்க வேண்டும். கன்னத்தைக் கிள்ளினால் சிரிக்க வேண்டும். முறுக்கும் நெய்யும் வாசனைத் திரவியமும் ஒன்றாகக் கலந்த வரவேற்பறையில், முப்பது பேர் நடுவில், “என்ன படிக்கிற, எப்ப முடியும், அப்புறம் என்ன வேலை?” என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பையனைப் பற்றி அன்று மாலைக்குள் ஒரு தீர்ப்பு வந்துவிடும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அதே கதிதான், பெற்றோருக்கும் சேர்த்தே அந்தத் தீர்ப்பு: “வளர்த்த விதம் சரியில்லை.”

மொழி விஷயத்தில் இன்னொரு தவறான எண்ணம் நிலவுகிறது. மதியிறுக்கமுள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி சுமை, ஆங்கிலம் மட்டும் போதும் என்று நினைத்துப் பல குடும்பங்கள் வீட்டில் தமிழை நிறுத்திவிடுகின்றன. 2012ல் கனடாவில் 75 பிள்ளைகளைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வு, இருமொழிச் சூழலில் வளரும் மதியிறுக்கமுள்ள பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் மொழித் தாமதம் ஏற்படவில்லை என்று கண்டது. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. இது பாடத்திட்டப் பிரச்சினை மட்டும் அல்ல. ஆங்கிலம் சரளமாகப் பேசாத பாட்டி இருக்கும் வீட்டில் தமிழை நிறுத்தினால், அந்தப் பிள்ளை பேசக்கூடிய ஆட்களில் ஒருவர் குறைந்துவிடுகிறார். பேச ஆட்கள் ஏற்கெனவே குறைவாக உள்ள பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

சில வினாடித் தீர்ப்பு

மீண்டும் அந்த மதிப்பீட்டுப் படிவத்துக்கு வருவோம். 2017ல் அமெரிக்க ஆய்வாளர் நோவா சாசனும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மதியிறுக்கமுள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில வினாடிக் காட்சிகளை, யாருக்கு என்ன நிலை என்று சொல்லாமல் பிறருக்குக் காட்டினார்கள். மதியிறுக்கமுள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பீடு கிடைத்தது; அவர்கள் அருகில் அமரவும் பேச்சுக் கொடுக்கவும் விருப்பம் குறைவாக இருந்தது. ஆனால் அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, அவர்கள் சொன்ன விஷயத்தில் குறையே இல்லை. குரலும் முகமும் உடலசைவும் சேர்ந்தபோதுதான் தீர்ப்பு மாறியது.

இந்த முடிவு மாணவர்களாகிய நமக்கு உறைக்க வேண்டியது. குழுப்பணி, வகுப்பில் பங்கேற்புக்கான மதிப்பெண், வேலைப் பயிற்சிக்கான நேர்காணல் என நம் படிப்பில் கணிசமான பகுதி இந்தச் சில வினாடித் தீர்ப்பை நம்பியே நடக்கிறது. ‘இணைந்து செயல்பட்டாரா?’ என்று படிவம் கேட்கும்போது நாம் உண்மையில் பதில் சொல்வது, ‘இவரோடு இருக்கும்போது எனக்கு இயல்பாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு. படிவத்தை வடிவமைப்பவர்களும் இதை யோசிக்கலாம். யார் எந்தப் பகுதியைச் செய்தார், எப்போது கொடுத்தார் என்று கேட்கும் படிவம், பழகும் விதத்துக்கு மதிப்பெண் கேட்கும் படிவத்தைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

அதே சாசன் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து 2019ல் வெளியிட்ட ஆய்வு சற்று நம்பிக்கை தருகிறது. காட்சியில் இருப்பவருக்கு மதியிறுக்கம் உண்டு என்று முன்கூட்டியே சொன்னபோது, பார்ப்போரின் எண்ணம் மேம்பட்டது. மதியிறுக்கம் பற்றி ஏற்கெனவே கூடுதலாக அறிந்தவர்கள் இன்னும் சாதகமாக மதிப்பிட்டார்கள்.

புரியாமை ஒருபக்கம் மட்டும் உள்ளதா என்ற கேள்வியை 2012ல் எழுப்பியவர் டேமியன் மில்டன். அவரே மதியிறுக்கமுள்ள ஆய்வாளர். மதியிறுக்கமுள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவது போலவே, மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார் என்றார். இதைச் சோதித்துப் பார்க்க, சிறு வயதில் நாம் விளையாடிய ‘காதோடு காதாகச் செய்தி கடத்தும்’ விளையாட்டு போன்ற முறையை எடின்பரோ ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். 2020ல் வெளியான அவர்களது முடிவின்படி, மதியிறுக்கமுள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குச் சமமாகச் செய்தியைக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கூடுதலாகத் தொலைந்தது. பின்னர் இன்னும் பெரிய அளவில் செய்த ஆய்வில் அந்தக் கலப்பு வரிசைச் சரிவு தெரியவில்லை. ஆனால் மதியிறுக்கமுள்ளவர்கள் தங்களுக்குள் செய்தியைச் சரியாகவே கடத்துகிறார்கள் என்பது மாறவில்லை. தொடர்புகொள்ளத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கு இது இடம் தரவில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக்கு வகுப்பில் யாரையாவது காட்டி, “அவனுக்கு ஆட்டிசம்” என்று சொன்னால், ‘திமிர்’ என்று சொன்னதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கூட்டத்தில் பேசாததற்குச் சமூகப் பதற்றம் காரணமாக இருக்கலாம். அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், பயம்தான் தடுக்கும். மதியிறுக்கமுள்ளவர் சிலருக்குப் பயமே இருக்காது, விதிதான் பிடிபடாது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. ஏடிஎச்டி, காது மந்தம், வீட்டுப் பிரச்சினை எல்லாமே இதே முகத்தைக் காட்டக்கூடும். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, சிங்கிலிஷ் நகைச்சுவை புரியாமல் சிரிக்காமல் இருப்பவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்?

டிக்டாக்கை நம்பி முடிவெடுப்பதும் ஆபத்து. மதியிறுக்கம் பற்றிய 133 டிக்டாக் காணொளிகளை ஆராய்ந்து 2023ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அவற்றில் 27 விழுக்காடு மட்டுமே துல்லியமானவை என்று கண்டது. 41 விழுக்காடு தவறானவை. மீதி, சிலருக்குப் பொருந்துவதை எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 50 கேள்விகள் கொண்ட ‘ஏகியூ’ சோதனை கேம்பிரிட்ஜில் 2001ல் உருவானது. அதன் முதல் ஆய்விலேயே அறிவியல் மாணவர்கள், குறிப்பாகக் கணித மாணவர்கள், கலைத்துறை மாணவர்களைவிட அதிகப் புள்ளி பெற்றார்கள். அதற்காகக் கணிதத் துறையையே நிறமாலையில் சேர்க்க முடியாது. கேள்வித்தாள் ஒரு குறிப்பு மட்டும், முடிவு அல்ல. “நாம எல்லாருமே கொஞ்சம் ஆட்டிசம்தான்” என்று சமாதானம் சொல்வதும் உதவாது. எல்லாருக்கும் எப்போதாவது தலை சுற்றும். எல்லாரும் நோயாளிகள் என்று ஆகிவிடுமா?

திரைப்படங்களும் ஒரு பக்கத்தைத்தான் காட்டுகின்றன. 1988ல் வந்த ‘ரெயின் மேன்’ முதல், 2022ல் இங்கும் பலர் விரும்பிப் பார்த்த கொரியத் தொடரான ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ வரை, மதியிறுக்கமுள்ளவர் என்றால் அபார நினைவாற்றல் இருந்தாக வேண்டும். தமிழில் 2013ல் வந்த ‘ஹரிதாஸ்’ ஒரு தந்தையையும் மகனையும் கனிவோடு காட்டியது. அங்கும் அந்தப் பையன் ஓட்டப் பந்தயத்தில் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது. சாதாரணமாக இருக்கும் உரிமை இவர்களுக்குத் திரையில் கிடைப்பதில்லை.

அது கிடைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. கானர் 1943ல் எழுதிய 11 பிள்ளைகளில் முதலாமவர் டோனல்டு டிரிப்லெட். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். பட்டப்படிப்பு முடித்தார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் விளையாடினார், தனியாகவே பல நாடுகளுக்குப் போய்வந்தார். தெரிந்தவர்களுக்கு எல்லாம் ஓர் எண் கொடுத்து அந்த எண்ணை மறக்காமல் இருப்பது அவர் வழக்கம். வசதியான குடும்பம் என்பதும் அவருக்கு உதவியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரைப் பேட்டி கண்டு எழுதியவர்கள் வியந்தது ஊரைப் பார்த்துத்தான்: ஊர்க்காரர்கள் அவர் விசித்திரங்களோடு அவரை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2023ல், 89வது வயதில் அவர் காலமானார்.

நம் குழுக்கள் அந்த ஊரைவிடச் சிறியவை. செய்ய வேண்டியதும் சிறிதுதான். சந்திப்புக்கு முன் என்ன பேசப்போகிறோம் என்று நான்கு வரி எழுதி அனுப்பலாம். யார் எதை எப்போது தர வேண்டும் என்று பெயரோடு எழுதலாம். வாய்மொழியாகப் பேசியதைக் கூட்டம் முடிந்ததும் குழுவில் பதிவிடலாம். “வேறு யாருக்காவது ஏதாவது?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, எழுத்திலும் கருத்துச் சொல்லலாம் என்று விட்டுவிடலாம். இதற்கெல்லாம் யாருக்கு என்ன நிலை என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்து களைத்து வருபவருக்கும், ஆங்கிலத்தில் தயங்குபவருக்கும் இது உதவும். யாராவது தமக்கு மதியிறுக்கம் இருப்பதாக உங்களிடம் சொன்னால், “உனக்கு எது வசதி?” என்று கேளுங்கள். குழுவில் மற்றவர்களிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

படிக்கும்போது, “இது நான்தானோ?” என்று தோன்றியவர்களும் இருப்பீர்கள். தோன்றினால் பதறவும் வேண்டாம், உடனே முடிவுக்கு வரவும் வேண்டாம். சிறு வயதில் எப்படி இருந்தீர்கள் என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மதிப்பீடு செய்யும் உளவியலாளர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. பழைய பள்ளி அறிக்கைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளும் பயன்படும். சிறு பிள்ளைகளைக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் மதிப்பிடுகின்றன. பெரியவர்கள் பலர் தனியார் உளவியலாளரை நாட வேண்டியிருக்கிறது, அதற்குச் செலவும் அதிகம். எனவே முதலில் உங்கள் கல்வி நிலையத்தின் ஆலோசகரிடம் பேசுவது நல்லது. அதற்குக் கட்டணம் இல்லை.

உயர்நிலைப்பள்ளியில் படிப்பவர்கள் பள்ளி ஆலோசகரிடமோ, சிறப்புக் கல்வித் தேவைக்கான பணியாளரிடமோ பேசலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் சிறப்புக் கல்வித் தேவை உள்ள மாணவர்களுக்கென ஆதரவு அலுவலகம் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகளை அங்கே கேட்கலாம். அதற்கு மருத்துவ அல்லது உளவியல் அறிக்கை தேவைப்படும், பரிசீலனைக்கும் நேரம் எடுக்கும் என்பதால், தேர்வு வாரம் நெருங்கும்வரை காத்திருக்காமல் பருவத்தின் தொடக்கத்திலேயே அணுகுவது நல்லது.